முத்திரை இல்லாத கைப்பை

மரியே வாழ்க

ஏற்காடு
24-8-1987

அன்புள்ள லூர்தம்மாளுக்கு,

இங்கு நான் நலம். அடிவாரத்தில் நீயும் உன் தங்கை சகாயமும் அவள் பிள்ளையும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் சென்ற கடிதத்துக்கு உடனே பதில் எழுத இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பயிற்சிக் கூடத்திலிருந்து ஒரு விடுதிப் பள்ளிக்குத் தோல் புத்தகப் பைகள் செய்து கொடுத்தோம். ஒரு வாரம் ஆகவில்லை, அந்தப் பள்ளியின் சகோதரி ஒரு வெள்ளைச் சட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். சட்டையின் தோளிலிருந்து இடுப்புவரை பழுப்புப் பட்டை. "துவைச்சாலும் போகல சார். எங்க பிள்ளைங்க எல்லாம் வரிக்குதிரை மாதிரி ஜெபத்துக்கு வந்து நிக்கிறாங்க" என்றார். என்னால் தலைநிமிர முடியவில்லை.

நடந்தது இதுதான். தோலுக்குச் சாயம் ஏற்றிக் காயவிட்டபின், உலர்ந்த துணியால் மிச்சச் சாயத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். துணியில் நிறம் ஒட்டாத நிலை வந்த பிறகே மேல்பூச்சு. இந்தப் பனிமூட்டத்தில் தோல் காய்ந்துவிட்டதாக நினைத்து, பயிற்சிப் பெண்கள் துடைக்காமலே பூசிவிட்டார்கள். எல்லாப் பைகளையும் திரும்பப் பெற்று, பூச்சை ஸ்பிரிட்டால் கலைத்து, துடைத்து, கரியடுப்புக்கு எட்ட வைத்து உலர்த்தி, மீண்டும் பூசினோம். இரண்டு வாரம் போயிற்று. இப்போது எந்த வெள்ளைத் துணியால் தேய்த்தாலும் நிறம் வராது. நானே தேய்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றுக்கும் கூடத்தின் முத்திரையைப் பதித்தேன்.

வீட்டில் பின்பக்க ஓடு ஒழுகுகிறது. ஐம்பது வயதில் சமையல் கற்கிறேன். ரசம் மட்டும் தேறியிருக்கிறது.

சகாயத்தின் பிரசவத்துக்கென்று போனாய். அந்தப் பிள்ளை இப்போது தெருவில் ஓடுகிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். எந்த விடுப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. நம் ஜெயகுமாரி போனபின் வரும் மூன்றாவது கல்லறைத் திருநாள் இது. இரண்டு ஆண்டும் நான் ஒருவனே புல் செதுக்கி, மெழுகுவத்தி ஏற்றினேன். இந்த ஆண்டாவது நீ வர வேண்டும். வந்தபின் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதே என் விருப்பம்.

இப்படிக்கு,
அ. மரியஜோசப்


மரியே வாழ்க

அடிவாரம்
31-8-1987

ஜெயா அப்பாவுக்கு லூர்தம்மாள் எழுதுவது.

எல்லாரும் சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் பைகளைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. என்னைப் பற்றி எழுத வந்தபோது தாள் தீர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் வெறுமையாகத்தான் இருந்தது.

விடுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் விடுப்பில் வரவில்லை, அது உங்களுக்கும் தெரியும். ஜெயா செய்து மேசையில் வைத்திருந்த பெல்ட்டு, பர்சு, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் அவளுடைய முப்பதாம் நாள் பூசைக்குள் நீங்கள் பிரித்துத் தைத்து, மறுபடி சாயம் போட்டு, முத்திரை குத்தி அனுப்பிவிட்டீர்கள். ஆர்டர் என்றீர்கள். அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கும் சண்டை போட எழுதவில்லை. அந்தக் கடைசிக் கிறிஸ்துமஸுக்கு அவள் எனக்குச் செய்து கொடுத்த கைப்பை மட்டும் தப்பித்தது. அது என் தோளில் கிடந்ததால் தப்பித்தது.

அந்தப் பையைப் பற்றித்தான் கேட்க வேண்டும். இந்த மழையில் முன்பக்கம் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது. வாரும் ஒரு பக்கம் நூல் இற்று விட்டுப்போயிற்று. சேலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற ஒருவரிடம் காட்டினேன். "கவலப்படாதீங்கக்கா, கருப்புப் பாலீஷ் ஒண்ணு ஏத்தித் தாறன். பூசணமுந் தெரியாது, பையுந் தெரியாது" என்றார். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களை விட்டால் இதைச் செய்ய ஆளில்லை என்று எனக்குத் தெரியும். கண்டக்டர் சென்றாயனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பூசணத்தை எடுத்து, வாரைத் தைத்துக் கொடுங்கள். கல்லறைத் திருநாளுக்கு முன் கிடைத்தால் அதை மாட்டிக்கொண்டே மேலே வருகிறேன். பெட்டியையும் எடுத்து வருவதா என்று இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் யோசிக்கிறேன்.

லூர்தம்மாள்


மரியே வாழ்க

ஏற்காடு
9-9-1987

அன்புள்ள லூர்தம்மாளுக்கு,

கைப்பை பழுதின்றி வந்து சேர்ந்தது. சென்றாயன் அதை நேரே பட்டறைக்கே கொண்டுவந்தான். "ஏனுங்க வாத்தியாரே, உங்க ஊட்டுத் தபாலுக்கே நான் தனியா ஒரு பஸ்ஸு உடோணுமாட்ட இருக்குதுங்க. ரெண்டு பேருல ஒருத்தரு ஒத்த டிக்கெட்டு எடுத்தா முடியற சோலி" என்று எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டுப் போனான். பயிற்சிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நான் கண்டிக்கவில்லை. அவன் சொன்னதில் பிழை ஏதும் இல்லை.

பையை மேசைமேல் வைத்து முழுவதும் பார்த்தேன். பூசணம் மேலோட்டமானதுதான், தோலுக்குள் இறங்கவில்லை. வாரின் நூல் மட்டுமே இற்றிருக்கிறது, துளைகள் நன்றாக உள்ளன. அவளுடைய தையல் நேராக, ஒரே இழுப்பில் இருக்கிறது. இதை அன்றே அவளிடம் சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்லாமல் விட்டிருக்கவும் கூடும்.

இதற்கு நான் முத்திரை தர மறுத்தது உனக்கு வருத்தம் என்பதை அறிவேன். தைப்பதில் அவள் பிழை செய்யவில்லை. முடிப்பு வேலையில்தான் செய்தாள். ஓரங்களை மெழுகிட்டுத் தேய்க்காமல் விட்டிருந்தாள். மூடிக்கு அடியில், முன்பக்கத்தில், சொல்யூஷன் ஒட்டிய விரலோடு தோலைத் தொட்டுவிட்டாள். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அங்கே வெளிறிய தடம் ஒன்று நிற்கிறது. அதைச் சுட்டிக்காட்டியபோது, "அம்மாவுக்குத்தானுங்கப்பா, கடைக்கா போவுது?" என்று சிரித்தாள். விதி ஆளுக்கு ஆள் மாறாது என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

ஸ்பிரிட் கலந்த நீரால் பூசணத்தைத் துடைக்க வேண்டும். நல்ல வெயில் வந்து காற்று உலர்ந்தபின் தொடங்குகிறேன். திருநாளுக்கு முன் உன் கையில் இருக்கும்.

பின்பக்க ஓட்டை மாற்றிவிட்டேன். நீ பெட்டியைப் பற்றி எழுதிய வரியைப் பலமுறை படித்தேன்.

இப்படிக்கு,
அ. மரியஜோசப்


மரியே வாழ்க

அடிவாரம்
16-9-1987

ஜெயா அப்பாவுக்கு லூர்தம்மாள் எழுதுவது.

ஓடு மாற்றியதற்குச் சந்தோஷம். கொல்லைக் காப்பிச் செடிகளுக்கு நடுவில் நான் வைத்த கறிவேப்பிலை இருக்கிறதா, இல்லை ஒழுங்கு வரிசையில் இல்லையென்று பிடுங்கிவிட்டீர்களா? ரசத்துக்கு அதைப் போடுங்கள். கொத்தோடு போடாமல் உருவிப் போடுங்கள்.

நீங்கள் எழுதிய பேச்சு எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் அவள் பையோடு உள்ளே வந்து, "இந்தாங்கம்மா, உங்களுக்கு செகண்ட்ஸ் பை. பாஸாகல" என்று என் தோளில் மாட்டிவிட்டாள். சோறு வடித்துக்கொண்டிருந்த கை ஈரத்தோடு வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அதன் பெயர் செகண்ட்ஸ்தான். உங்களுக்குத் தெரிய வேண்டாமென்று ரகசியமாகச் சொல்லிக்கொள்வோம். இன்றைக்குச் சொன்னால் என்ன, கோபித்துக்கொள்ளவா போகிறீர்கள்.

பை இல்லாமல் கை சும்மா கிடக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் விரல் தானாக மூடிக்கடியில் பழகிய இடத்தைத் தேடுகிறது. அப்புறம்தான் அது உங்களிடம் இருப்பது நினைவுக்கு வருகிறது.

பூசணமும் வாரும் போதும். வேறொன்றும் வேண்டாம். நீங்கள் மறக்கிறவர் இல்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

சகாயத்திடம் சொல்லிவிட்டேன். "பொட்டியோட போறியா, வெறும் பையோட போறியாக்கா?" என்று கேட்டாள். பெட்டியோடு என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் பிள்ளை நான் போகக் கூடாதென்று பெட்டி மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான். நவம்பர் இரண்டாம் தேதி காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பூவை நீங்கள் வாங்க வேண்டாம், நானே செவ்வந்தி கொண்டுவருகிறேன்.

லூர்தம்மாள்


மரியே வாழ்க

ஏற்காடு
12-10-1987

அன்புள்ள லூர்தம்மாளுக்கு,

உன் கடிதம் எனக்கு அளித்த நிம்மதியை எழுதும் பழக்கம் என்னிடம் இல்லை. கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. வரிசையில் இல்லைதான். அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். உன் கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன்.

கைப்பை இன்று சென்றாயனோடு வருகிறது. அதற்குச் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீ கேட்டதைவிடக் கூடுதலாகவே செய்திருக்கிறேன். வேறொன்றும் வேண்டாம் என்று நீ எழுதியது எனக்குச் சிரமம் தரக் கூடாதென்ற எண்ணத்தில்தான் என்பதை அறிவேன். எனக்கு இதில் சிரமம் சிறிதும் இல்லை.

வாரை மெழுகு நூலால் தைத்தேன். பிறகு பூசணத்தைத் துடைத்தேன். ஸ்பிரிட் பட்டதும் முன்பக்கத்தில் ஆங்காங்கே நிறம் எழும்பிவந்துவிட்டது, அது எதிர்பார்க்கக்கூடியதே. வெளிறிய இடங்களில் மட்டும் சாயம் தொட்டால் திட்டுத்திட்டாகத் தெரியும். எனவே முன்பக்கம் முழுவதற்கும் ஏற்ற வேண்டும் என்பது விதி. முழுவதற்கும் ஏற்றும்போது அந்தப் பசைத்தடத்தை அப்படியே விட்டால், சுற்றிலும் நிறம் கருத்து, அது முன்னைவிட எடுப்பாக நிற்கும். ஆகவே முதலில் அதை நீக்குவது தவிர வேறு வழி இருக்கவில்லை.

பழைய மெருகைக் கலைத்தபின் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். அது கட்டைவிரல். ரேகைகள் சுழி சுழியாக, அச்சிட்டதுபோல் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தன. இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு தெளிவாக விழுந்த பசைத்தடத்தை நான் கண்டதில்லை. பசைக் கையோடு தோலைத் தொட்டால் என்னவாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்பதால், பயிற்சிப் பெண்கள் எல்லோரையும் அழைத்துக் காட்டினேன். நம் மாதம்மாள் மட்டும் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஜெயா பாப்பா வெரலுங்களா சார்?" என்று கேட்டாள்.

ஆம் என்றேன்.

"அப்ப இருந்துட்டுப் போவட்டுமுங்களே."

மற்றவர் செய்த பிழையை விட்டாலும் விடலாம், என் மகள் செய்ததை எப்படி விடுவது என்று கேட்டேன். அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. இவர்களுக்குச் சில சமயம் காரணமின்றி மனம் சுருங்கிவிடுகிறது.

காய்ந்த சொல்யூஷனைக் கிரேப் ரப்பரால் மெல்ல உருட்டி எடுத்தேன். ரேகையின் பள்ளங்களில் கொஞ்சம் தங்கிவிட்டது. நுண்ணிய உப்புத்தாளால், அழுத்தாமல், வட்டமாகத் தேய்த்தேன். பிறகு நீர்த்த சாயத்தை மும்முறை ஏற்றி, ஒவ்வொரு முறையும் காயவிட்டுத் துடைத்தேன். ஓரங்களையும் மெழுகிட்டுத் தேய்த்து முடித்தேன். இன்று அந்த இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. நீயும் தேடிப் பார், கண்டுபிடிக்க இயலாது.

இனி அது செகண்ட்ஸ் பை அல்ல. மூடியின் உட்பக்கத்தில் கூடத்தின் முத்திரையைப் பதித்திருக்கிறேன். அவள் கையால் செய்த பொருள் ஒன்று, அவள் பெயரில், குறையில்லாமல் உன்னிடம் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நம்மிடையே எது வந்து நின்றதோ அது இதோடு தீரும் என்று நம்புகிறேன்.

இரண்டாம் தேதி காலை பஸ் நிலையத்தில் காத்திருப்பேன். பெட்டியைத் தூக்க நீ முயல வேண்டாம்.

இப்படிக்கு,
அ. மரியஜோசப்


அடிவாரம்
20-10-1987

மரியஜோசப் அவர்களுக்கு,

பை வந்தது. சகாயம் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மாமா கைன்னா கைதாங்க்கா. கடையில வாங்குனாப்புல இருக்குது" என்றாள். உண்மைதான். கடையில் வாங்கியது போலத்தான் இருக்கிறது.

நான் மூடியைத் தூக்கி விரலை வைத்துப் பார்த்தேன். நீங்கள் எழுதியபடியே கண்டுபிடிக்க முடியவில்லை. வெளிச்சத்தில் வைத்துத் தேடினேன். கண்ணை மூடிக்கொண்டும் தேடினேன்.

கோயிலில் பூசை நேரத்தில் நான் என் கட்டைவிரலை அங்கே வைத்துக்கொள்வேன். பஸ்ஸிலும் அப்படித்தான். ராத்திரி தூக்கம் வராவிட்டாலும் அப்படித்தான். என் விரல் அதில் அடங்காது, அவள் விரல் சிறியது. நான் ஓரத்தில் வைத்துக்கொள்வேன், அவள் நடுவில் இருப்பாள். கைபிடித்துக்கொண்டு இருப்பது போல இருக்கும். இதை உங்களிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்றும் நினைக்கவில்லை. நீங்கள் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, அது அவள் விரல் என்று பார்த்தீர்கள். ரேகை தெரிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் கண்ணாடி போட்டும் அந்த ரேகையை இவ்வளவு நன்றாகப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு உப்புத்தாளை எடுத்திருக்கிறீர்கள்.

மாதம்மாளுக்கு மனம் சுருங்கவில்லை. அவளிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கல்லறைத் திருநாளுக்கு நான் வரவில்லை. ஜெயாவுக்குச் சேலத்திலேயே பூசை ஒப்புக்கொடுத்துவிட்டேன். பெட்டியைப் பிரித்துத் துணிகளைப் பழையபடி கொடியில் போட்டுவிட்டேன்.

பையை இரண்டாம் தேதி முதல் பஸ்ஸில் சென்றாயனிடம் திருப்பி அனுப்புகிறேன். இது உங்கள் பை. முத்திரை இருக்கிறது, விற்பனைக்கு வையுங்கள்.

லூர்தம்மாள்


மரியே வாழ்க

ஏற்காடு
4-11-1987

அன்புள்ள லூர்தம்மாளுக்கு,

நீ வரவில்லை என்று எழுதியிருந்தும், இரண்டாம் தேதி காலை பஸ் நிலையத்துக்குப் போனேன். போகாமலிருக்க முடியவில்லை. சென்றாயன் இறங்கி வந்து காகிதத்தில் சுற்றிய பையைக் கொடுத்தான். நீ ஏதும் சொன்னாயா என்று கேட்டேன். "ஒண்ணுஞ் சொல்லலீங்க வாத்தியாரே. குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க" என்றான். வேடிக்கைப் பேச்சு ஏதும் பேசவில்லை. கல்லறையில் காற்று பலமாக இருந்தது, மெழுகுவத்தி நிற்கவில்லை. செவ்வந்தி நீ கொண்டுவருவதாக இருந்ததால் நான் பூ வாங்கியிருக்கவில்லை.

உன் கடிதம் வந்த நாள்முதல் பட்டறையில் ஒரு சோதனை செய்தேன். அதே தோலில் ஒரு துண்டை எடுத்து, சொல்யூஷன் தொட்ட விரலைப் பதித்து, காயவிட்டு, சாயம் ஏற்றினேன். தடம் விழுந்தது, ரேகையும் தெரிந்தது. ஆனால் அது என் விரல். பெரியது. மாதம்மாளின் விரல் சிறியது. அவளிடம் கேட்கலாமா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அன்றே வேலையை விட்டுப் போயிருப்பாள், அது சரியாகவும் இருந்திருக்கும். பிழையைத் திருத்தும் முறைகளை எல்லாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். திருத்தியதை மீண்டும் பிழையாக்கும் முறை ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு பட்டறையிலும் வீட்டிலும் அவள் கைபட்டது வேறு ஏதேனும் இருக்கிறதா என்று தேடினேன். அவள் வெட்டும் பலகையில் கத்திக் கீறல்கள் இருந்தன. ஆண்டுதோறும் பலகைகளை இழைத்துவிட வேண்டும் என்பது விதி, இழைத்துவிட்டோம். அவள் பெயரைக் கரியால் எழுதியிருந்த சுவருக்கு நீ வருகிறாய் என்று சுண்ணாம்பு அடித்தேன். மேசைக்கடியில் பசைத் துளிகள் இருந்தன. அவற்றையும் சுரண்டிவிட்டிருக்கிறேன். நான் எதையும் விட்டுவைக்கவில்லை.

உன்னிடம் அவள் செய்தது, அல்லது அவள் கறைப்படுத்தியது, கிழித்தது, ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அனுப்ப வேண்டாம். எனக்குக் காட்டவும் வேண்டாம். இருக்கிறது என்று மட்டும் எழுது. என் முகவரியிட்ட கார்டு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஜெயாவின் அப்பா


மரியே வாழ்க

ஏற்காடு
28-12-1987

அன்புள்ள லூர்தம்மாளுக்கு,

கிறிஸ்துமஸ் பூசைக்குப் போய்வந்தேன். நீயும் சகாயமும் நலமென்று சென்றாயன் மூலம் அறிந்தேன்.

சென்ற மாதம் எழுதியதற்குப் பதில் வரவில்லை. கார்டு தபாலில் தவறியிருக்கக் கூடும் என்பதால் இன்னொன்று வைத்திருக்கிறேன்.

பையை நான் விற்பனைக்கு வைக்கவில்லை. வீட்டு அலமாரியில் இருக்கிறது. இந்தக் குளிரில் முன்பக்கத்தில் மறுபடியும் பூசணம் பூத்திருக்கிறது. துடைக்கவில்லை.

ஜெயாவின் அப்பா